ஏ.சி. போட்டால் ஃபியூஸ் போகிறதா? எப்போது போகிறது என்று கவனியுங்கள்

ஏ.சி.யைப் போட்டால் ஃபியூஸ் போகிறது. புதுக் கம்பி கட்டினால் அதுவும் போகிறது. இந்த இடத்தில் பலர் கம்பியை இரண்டாக முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் அடுத்து சூடாவது சுவருக்குள் போகும் வயர். அது கருகுவது கண்ணில் படாது.

1. ஃபியூஸ் கட்டையைப் பாருங்கள்

முதலில் மெயினை அணையுங்கள், ஏ.சி. ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்பி நடுவில் மட்டும் உருகி, இரண்டு முனையும் ஸ்க்ரூவில் அப்படியே இருந்தால், அளவுக்கு மேல் கரண்ட் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. பீங்கானில் கரி படிந்து, செம்பு பொட்டுப் பொட்டாகத் தெறித்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஷார்ட். ஸ்க்ரூவின் பக்கம் மட்டும் கருகியிருந்தால் அங்கே பிடிப்பு லூஸ். இறுக்கினாலே சரியாகிவிடலாம்.

ஃபியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானே விழும் ஸ்விட்ச்) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடயம் கிடைக்காது. நேராக மூன்றாவது படிக்குப் போங்கள்.

2. கம்பி சரியான அளவா?

1.5 டன் ஏ.சி. 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 7, 8 ஆம்பியர் எடுக்கும். ஆனால் இன்வெர்ட்டர் வகை அல்லாத ஏ.சி.யில் கம்ப்ரஸர் (கேஸை அழுத்தும் மோட்டார்) கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்குக்குக் கட்டும் 5 ஆம்பியர் கம்பி இதைத் தாங்காது. கம்பெனி சொல்லும் அளவைக் கட்டுங்கள். அதே லைனில் வாட்டர் ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ ஓடினால் முதலில் அதைப் பிரியுங்கள்.

3. எத்தனை நிமிடத்தில் போகிறது?

எனக்கு இதுதான் முக்கியமான படி. கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். கட்டையில் கரி தெறித்திருந்தால் அந்த ஒரு முறையும் வேண்டாம்.

*போட்ட கணத்திலேயே போனால்:* கம்ப்ரஸர் இன்னும் கிளம்பவே இல்லை. வயர் எங்கோ ஒன்றோடு ஒன்றோ, பாடியிலோ தொடுகிறது. உள் யூனிட்டிலிருந்து வெளி யூனிட்டுக்குப் போகும் வயரை எலி கடித்திருக்கிறதா, வெயிலில் தோல் வெடித்திருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். மறுபடி போடாதீர்கள்.

*உள்ளே காற்று வந்து, சில நிமிடத்தில் வெளி யூனிட் 'ம்ம்ம்' என்று உறுமி அதோடு போனால்:* கம்ப்ரஸர் கிளம்பத் திணறுகிறது. பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், அதாவது கம்ப்ரஸர் கிளம்ப உதவும் சின்ன டப்பா. அது கெட்டால் தலைப்பக்கம் உப்பியிருக்கலாம், சிலசமயம் எண்ணெய் கசிந்திருக்கும். கரண்டை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் கை வைக்காதீர்கள். இன்னொன்று, ஏ.சி.யை நிறுத்திய கையோடு போட்டாலும் இப்படி ஆகும். உள்ளே கேஸின் அழுத்தம் சமமாக நேரம் வேண்டும். 3 நிமிடமாவது விடுங்கள்.

*அரை மணி, ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் போனால்:* சூடுதான் காரணம். ஃபில்டரைக் கழுவச் சொல்வார்கள், கழுவுங்கள், நல்லதுதான். ஆனால் ஃபியூஸ் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது வெளி யூனிட்டின் 'காயில்', அதாவது சூட்டை வெளியே விடும் தகடு அடுக்கு. அதில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது, அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கூடுதல் கரண்ட் இழுக்கும். மெயினை அணைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தகடுகள் மெல்லியவை, அழுத்தித் தேய்த்தால் மடங்கிவிடும். வயர் இணைப்புப் பெட்டியில் தண்ணீர் படக்கூடாது. வெளி ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சாயங்காலத்தில் மட்டும் போகிறதென்றால் வோல்டேஜ் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரஸர் எடுக்கும் கரண்ட் ஏறும்.

4. மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

உங்கள் வேலை இதோடு சரி. யூனிட்டைத் திறந்து பார்ப்பது பழகியவர்கள் வேலை. "ஃபியூஸ் போகுது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனையாவது நிமிடத்தில் போனது, வெளி யூனிட் உறுமியதா, கட்டையில் கரி இருந்ததா என்று சொல்லுங்கள். உருகிய கம்பியையும் எடுத்து வையுங்கள். கம்ப்ரஸரே போய்விட்டது என்று அவர் சொன்னால், கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தீர்களா, கம்ப்ரஸர் வயரைக் கழற்றி மெக்கர் (கரண்ட் பாடிக்குக் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இரண்டும் பார்த்த பிறகு சொன்னால் நம்பலாம்.