கடலோரச் சிற்றூரில் குடியேறப் போகிறீர்களா?

வெளிநாட்டில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வேலை கிடைத்திருந்தால், முடிந்தவரை சீசன் இல்லாத மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் கலகலப்பாக இருக்கும் கடைத்தெருவில், குளிர்காலத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கலாம். பஸ்ஸும் குறைந்துவிடும். வேலைக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றால் குளிர்கால நேர அட்டவணையைப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டிலும் இதே சிக்கல் உண்டு. கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் கூடுதல் வாடகை கிடைக்கும் என்பதால், சில உரிமையாளர்கள் குளிர்காலத்துக்கு மட்டும் வீடு தருவார்கள். ஒப்பந்தம் 12 மாதத்துக்கும் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளோடு நடுவில் வீடு மாறுவது பெரிய அலைச்சல்.

வீடு பார்க்கும்போது அலமாரிகளைத் திறந்து பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றில் வரும் உப்புத்தூள் எல்லாவற்றின் மீதும் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சைக்கிள் செயின், கதவுக் கீல், காரின் அடிப்பாகம் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, செயினுக்கும் கீலுக்கும் எண்ணெய் போடுங்கள். பால்கனியில் ஏதாவது பொருத்துவதாக இருந்தால் 316 ரக எவர்சில்வர் திருகாணி கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

அப்புறம், கடல். பல இடங்களில் கடல்நீரின் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். வற்றியிருக்கும்போது பாறைத் திட்டு வரை நடந்து போனவர்கள், நீர் சுற்றி வளைத்து மாட்டிக்கொள்வதுண்டு. அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்க்காமல் போகாதீர்கள்.

குளிர் நாடுகளில் இளவேனில் வெயிலை நம்பி இறங்கிவிடவும் வேண்டாம். கடல் மெதுவாகத்தான் சூடாகும். வெளியே இதமாக இருந்தாலும் தண்ணீர் குளிர்காலத்துக் குளிரிலேயே இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு திணறும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும்கூட. பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பு இருக்கும், அங்கேயே குளியுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அதன்பின் கரைக்குத் திரும்புங்கள். இதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள்.

நிலநடுக்கம் வரும் நாடு என்றால் மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்து வையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் மறக்க முடியாது. நிலம் நீண்ட நேரம் குலுங்கினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, சைரனுக்குக் காத்திருக்காமல் ஏறிவிடுங்கள்.

பெரிய மருத்துவமனை பக்கத்து நகரத்தில்தான் இருக்கக்கூடும். கர்ப்பிணியோ நாள்பட்ட நோயாளியோ வீட்டில் இருந்தால், இரவில் அங்கே எப்படிப் போவது என்பதை முன்பே விசாரித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தத் தெரு வெள்ள அபாயப் பகுதியில் வருகிறதா என்றும், உங்கள் பொருட்களுக்கு எடுக்கும் காப்பீடு கடல்நீர் புகுந்தாலும் செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.