ஜேஇஇ கணக்குக்கு டியூஷன்: சேர்க்கும் முன்பே நடக்கும் தவறுகள்

“கணக்குக்கு ஒரு நல்ல சார் இருந்தா சொல்லுங்க” என்று கேட்கிற பெற்றோரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்தத் தேர்வுக்கு?” என்பதுதான். பாதிப் பேரிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்காது. “இன்ஜினியரிங்குக்குத்தான்” என்பார்கள்.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக இன்ஜினியரிங் சேர நுழைவுத்தேர்வு கிடையாது. 2007-லேயே அது போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கட்ஆஃப்: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கிண்டியிலோ குரோம்பேட்டையிலோ இருக்கும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி போதும் என்பவர்கள் பொதுத்தேர்வுக் கணக்கில் ஒரு மதிப்பெண் கூட நழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவர்களை ஐஐடி, என்ஐடி மாதிரிக் கல்லூரிகளுக்கான தேசிய நுழைவுத்தேர்வான ஜேஇஇக்கு இரண்டு வருடக் கோச்சிங்கில் தள்ளுவது பணத்துக்கும் கேடு, பிள்ளையின் தூக்கத்துக்கும் கேடு. திருச்சி என்ஐடி, காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் என்றால் ஜேஇஇ மெயின். ஐஐடி என்றால் அதில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்து, அப்புறம் ஜேஇஇ அட்வான்ஸ்டும் எழுத வேண்டும். பிட்ஸ் பிலானிக்குத் தனித் தேர்வு. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் தேர்வு இன்னும் வேறு மாதிரி. அங்கே விடையோடு நிரூபணத்தையும் வரிவரியாக எழுதிக் காட்ட வேண்டும். ஜேஇஇ வேகத்துக்குப் பழகிய டியூஷன் அதற்கு அவ்வளவாக உதவாது.

தேர்வு எது என்று முடிவானால்தான் சார் யார் என்று தேட முடியும். இனி ஜேஇஇ மெயினை வைத்தே பேசுகிறேன். அதிகம் பேர் தடுமாறுவது அங்கேதான்.

சென்டம் சாரும் ஜேஇஇ சாரும்

“போன வருஷம் பதினோரு பேர் சென்டம்” என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய சார் இருப்பார். நல்ல ஆசிரியர், சந்தேகமில்லை. ஆனால் பொதுத்தேர்வுக் கணக்கும் ஜேஇஇ கணக்கும் கேட்பது வேறு வேறு திறமைகளை. பொதுத்தேர்வில் 90 மதிப்பெண்ணுக்கு எழுத்துத்தேர்வு. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு. கடைசி வரியில் கூட்டல் தப்பினாலும் ஐந்துக்கு நாலாவது வந்துவிடும். ஜேஇஇ மெயினில் ஸ்டெப்பை யாரும் பார்ப்பதில்லை. கணக்கில் 25 கேள்விகள்: 20 விடையைத் தேர்ந்தெடுப்பவை, 5 எண்ணை நாமே தட்ட வேண்டியவை. சரியென்றால் 4, தப்பென்றால் மைனஸ் 1. மூன்று பாடத்துக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது.

பாடத்திட்டமும் முழுக்கப் பொருந்தாது. நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பகுதி வகையிடல் இருக்கிறது, கடைசிப் பாடமாகத் தனிநிலைக் கணிதம் இருக்கிறது. ஜேஇஇயில் இவற்றைக் கேட்பதில்லை. மறுபக்கம், தரவுகளின் திட்டவிலக்கமும் விலக்க வர்க்கச் சராசரியும் நமக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சமாச்சாரம். ஜேஇஇ மெயினில் அது அடிக்கடி வரும், அதுவும் ஓரளவு எளிதான கேள்வியாக. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வரிசையாக நடத்துகிற டியூஷனில் அந்த நாலு மார்க் யார் கண்ணிலும் படாமல் போகும்.

இதைவிடப் பெரிய ஓட்டை பதினோராம் வகுப்பு. முக்கோணவியல், வரிசைமாற்றம் சேர்மானம், ஈருறுப்புத் தேற்றம், தொடர்முறைகள், நேர்க்கோடு, எல்லை (லிமிட்) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஜேஇஇ இரண்டு வருடப் பாடத்தையும் கேட்கும். பல பள்ளிகள் பதினோராம் வகுப்பைப் பேருக்கு நடத்திவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குத் தாவியதால்தான் 2017-18-இல் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. ஆகவே, பழைய பழக்கம் மெல்லத் திரும்பி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டியூஷன் சாரிடம் “லெவன்த் போர்ஷனை எந்த மாதத்துக்குள் முடிப்பீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். “அது ஸ்கூல்ல பார்த்துக்குவாங்க” என்று பதில் வந்தால், அவர் நடத்தப்போவது பொதுத்தேர்வு டியூஷன். பலகையில் ஜேஇஇ என்று எழுதியிருப்பதால் அது மாறாது.

ரேங்க் போஸ்டரை நம்பிச் சேர்ப்பது

பேருந்து நிலையத்துக்கு எதிரில் தொங்கும் பேனரில் சிரிக்கிற பிள்ளைகள் அந்த நிறுவனத்தில் என்ன படித்தார்கள் என்பது பேனரில் இருக்காது. இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தவரும் இருப்பார், கடைசி மாதத்தில் மாடல் டெஸ்ட் மட்டும் எழுதியவரும் இருப்பார். இந்தக் குழப்பம் பெரிதானதால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கு விதிமுறை வெளியிட்டது. ஜெயித்த மாணவரின் படத்தைப் போட அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அவர் எந்த கோர்ஸில் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். “நிச்சயம் சீட்” என்று உத்தரவாதம் தருவதும் கூடாது. ஆகவே படத்துக்குக் கீழே என்ன கோர்ஸ் என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெர்சன்டைல் என்கிற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். “எங்க ஸ்டூடன்ட் 99 பெர்சன்டைல்” என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். எழுதியவர்களில் 99 சதவீதம் பேர் அவருக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்பதுதான் அர்த்தம். 2024-இல் 14 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். அந்தக் கணக்குக்கு 99 பெர்சன்டைல் என்பது ஏறக்குறைய பதினான்காயிரமாவது இடம். நல்ல இடம்தான். ஆனால் பேனர் காட்டுகிற கல்லூரிக் கனவுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் தூரம் இருக்கலாம்.

டெமோ கிளாஸில் சாரையே பார்த்துக்கொண்டிருப்பது

என்னைக் கேட்டால் எல்லாத் தவறுகளிலும் மோசமானது இதுதான், ஏனென்றால் இது தவறு என்றே தெரிவதில்லை. டெமோ கிளாஸுக்குப் போகிறோம். சார் அசுர வேகத்தில் போர்டில் நாலு கணக்குப் போடுகிறார். பிள்ளை வெளியே வந்து “சூப்பரா நடத்துறாருப்பா, எல்லாம் புரிஞ்சுது” என்கிறது. அன்றைக்கே ஃபீஸ் கட்டிவிடுகிறோம்.

அவர் போட்டது புரிந்தது, சரி. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் பேனா எவ்வளவு நேரம் சொந்தமாக ஓடியது? போர்டைப் பார்த்து எழுதியது கணக்கில் வராது. அடுத்தவர் போடும்போது புரிகிற கணக்கு, தனியாக உட்காரும்போது முதல் வரியிலேயே நின்றுவிடும். நின்றுபோகிற அந்த இடத்தில் வேலை செய்யத்தான் டியூட்டர் வேண்டும். போர்டில் அழகாக நடத்துகிற வீடியோக்கள் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு எண்ணோடு 3-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அதே எண்ணிலிருந்து 3-ஐக் கழித்தது கிடைக்கிறது. அப்படிப்பட்ட எண்களின் கூடுதல் என்ன? பிள்ளை இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தும், இருபடிச் சமன்பாடு வரும், 1, 6 என்று இரண்டு மூலங்கள் கிடைக்கும். கூட்டினால் 7. கேள்வி தயாரித்தவர் 7-ஐயும் ஒரு விடையாக வைத்திருப்பார், அங்கேதான் வலை. 1-ஐப் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 4-இன் வர்க்கமூலம், அதாவது 2, இன்னொரு பக்கம் மைனஸ் 2. பொருந்தவில்லை. விடை 6 மட்டுமே.

பிள்ளை 7 என்று சொன்னதும் டியூட்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். “இல்லப்பா, 6” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர் ஒரு ரகம். முழுக் கணக்கையும் தானே திரும்பப் போட்டுக் காட்டுகிறவர் இன்னொரு ரகம். பெரும்பாலோர் இவரைத்தான் நல்ல சார் என்கிறோம். மூன்றாவது ரகம் அபூர்வம். அவர் சாக்பீஸைத் தொடவே மாட்டார். “1-ஐ முதல் வரியில போட்டுப் பாரேன்” என்பார், அப்புறம் பேசாமல் இருப்பார். பிள்ளை முழித்து, போட்டு, மைனஸைக் கண்டுபிடித்து, “அப்போ வர்க்கப்படுத்துறப்போ எக்ஸ்ட்ராவா ஒண்ணு வந்துடுதா?” என்று கேட்கும் வரை காத்திருப்பார். இவர் கிடைத்தால் விடாதீர்கள்; பேனரில் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆகவே டெமோவுக்குப் போகும்போது பிள்ளை ஏற்கனவே தப்பு விட்ட நாலைந்து கணக்குகளை, அந்தத் தப்பான விடைத்தாளோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஜேஇஇ மெயினை நடத்தும் தேசியத் தேர்வு முகமை பழைய வினாத்தாள்களைத் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டில் ஒன்றை மணி பார்த்து எழுதவைத்தால் தாராளமாகச் சரக்கு கிடைக்கும். அந்தத் தாளைப் பார்த்ததும் சார் “எங்க மெட்டீரியல்ல இதெல்லாம் கவர் ஆயிடும்” என்றால் உங்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

பெரிய பேட்சில் இதெல்லாம் நடக்காதே என்று கேட்கலாம். நடக்காதுதான். அறுபது பேர் உட்காரும் வகுப்பு பாடம் நடத்த, டெஸ்ட் வைக்க, போட்டி மனநிலை தர நல்லது. தப்பைக் கண்டுபிடிக்கிற வேலையை அது செய்யாது. அதில் சேர்த்தால், டவுட் கேட்க தினமும் யார் இருப்பார், போர்டில் நடத்துகிறவரா அல்லது போன வருடம் படித்து முடித்த கல்லூரி மாணவரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவராக இருப்பதில் தப்பில்லை, சிலர் பிரமாதமாகச் சொல்லித்தருவார்கள். ஆனால் அவருடைய செமஸ்டர் பரீட்சை வரும் மாதத்தில் டவுட் கிளாஸ் காற்றாடும்.

ஷார்ட்கட் மயக்கம்

“முப்பது செகண்டில் விடை” என்கிற வித்தைகள் முழுக்கப் பொய் இல்லை. விடைகளைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது நல்ல உத்திதான். ஆனால் எண்ணைத் தட்டுகிற அந்த 5 கேள்விகளில் போட்டுப் பார்க்க விடைகளே இருக்காது. எல்லைக் கணக்குகளில் லோபிடால் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது இன்னொன்று. மேலும் கீழும் பூச்சியம், அல்லது இரண்டும் முடிவிலி என்று வந்தால்தான் அந்த விதி செல்லும் என்பதையே சொல்லாமல் ஷார்ட்கட்டாக மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வித்தையைச் சொல்லித்தரும் சார், அது எங்கே வேலை செய்யாது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

ஃபீஸ், ரசீது, மொழி

இரண்டு வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முழு ஃபீஸ் கட்டிய மாணவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அது 50 பேருக்கு மேல் படிக்கும் சென்டர்களுக்குத்தான். தெருமுனை டியூஷனுக்கும் வீட்டுக்கு வரும் சாருக்கும் மாதாமாதம் கொடுப்பதுதான் ஒரே பாதுகாப்பு. எங்கே கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியரிடமே தனி டியூஷன் வைப்பது வழக்கம்போல நடக்கிறது. ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு தடுக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கானது. அதோடு, பள்ளியில் புரியாத விளக்கத்தையே சாயங்காலம் இன்னொரு முறை காசு கொடுத்துக் கேட்கிற நிலையும் வரலாம்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். ஜேஇஇ மெயினை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வினாத்தாளே இறுதி. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அதனால் விளக்கத்தைத் தமிழில் சொல்லி, கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழக்குகிற ஆளைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பொழிகிற சாரிடம் பிள்ளை கேள்வியே கேட்காமல் இரண்டு வருடத்தை ஓட்டிவிடும்.

ஒன்றுக்கு மூன்றாகச் சேர்ப்பது

மார்க் குறைந்ததும் கோச்சிங்கோடு ஹோம் டியூஷன், அதோடு ஒரு ஆன்லைன் ஆப் என்று அடுக்குவார்கள். மூன்று பேரும் மூன்று ஹோம்வொர்க் கொடுப்பார்கள். பிள்ளை தனியாக உட்கார்ந்து ஒரு கணக்கோடு இருபது நிமிடம் மல்லுக்கட்ட நேரமே மிஞ்சாது. டியூட்டரைக் கூட்டுவதற்கு முன் வாரத்தில் அந்தத் தனி நேரம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது குறைகிறதென்றால் இருப்பதில் ஒன்றை நிறுத்துவதுதான் வைத்தியம்.

ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலுமாக இரண்டு முறை நடக்கும். சாரை மாற்றலாமா என்ற கேள்வி பெரும்பாலும் ஜனவரி தேர்வுக்குப் பிறகுதான் வரும். அப்போது முடிவெடுக்க ஒரு நல்ல ஆதாரம் கையில் இருக்கும். தற்காலிக விடைக்குறிப்போடு, பிள்ளை பதிவு செய்த விடைகளையும் தேர்வு முகமை தளத்தில் கொடுக்கும். அதைப் பதிவிறக்கி, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் தெரியாததா, அவசரமா, நேரம் போதாததா என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை இப்போதிருக்கும் சாரிடம் கொடுத்து, ஏப்ரலுக்குள் இதில் எதைச் சரிசெய்யலாம் என்று கேளுங்கள். “இந்த ரெண்டு சாப்டரை விட்டுடலாம், இந்த மூணைப் பிடிக்கலாம்” என்று பெயர் சொல்லிப் பேசினால் அவரோடேயே தொடருங்கள். மிச்சமிருக்கும் இரண்டு மாதத்தில் புது ஆள் பிள்ளையைப் புரிந்துகொள்வதற்கே பாதி போய்விடும். “இன்னும் நல்லா உழைக்கணும்” என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தால், அந்த இரண்டு மாதமும் பழைய வினாத்தாள்களோடு பிள்ளை வீட்டிலேயே உட்காரட்டும், அந்த மாத ஃபீஸ் மிச்சம்.