மாட்டைப் படித்துவிட்டுக் குதிரை ஏறுங்கள்

என் மகன் டென்வரில் வேலை செய்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் ஜூன் மாதத்தில் அவனோடு வயோமிங் மாநிலத்தின் பிக்ஹார்ன் மலையடிவாரத்துக்குப் போய், ஐந்து நாள் குதிரை மேல் இருந்து, கன்றோடு கூடிய பசுக்களை மலைப் புல்வெளிக்கு ஓட்டிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு வயது 51. பென்னாகரம் பக்கம் பள்ளி ஆசிரியை. பட்டி மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். ஊரில் பலர், குறிப்பாகப் பெண்கள், தாங்களும் போக முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும்.

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் மாடுகள் அடிவாரத்தில் இருக்கும். பனி உருகிப் புல் எழுந்ததும் மலைக்கு ஏற்றுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் இறக்கிவிடுவார்கள். சில பண்ணைகள் இந்த ஓட்டத்துக்குப் பணம் கட்டும் விருந்தினர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு வாரத்துக்கு ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் பண்ணைக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: விருந்தினர் யாரும் வராவிட்டாலும் இந்த மாடுகள் அந்த வாரம் நகருமா? நாங்கள் முதலில் பேசிய பண்ணை இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. விசாரித்ததில், இருபது மாடுகளை ஒரே வேலிக்குள் வாரம்தோறும் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தது. காரணமில்லாமல் நடக்கவைக்கப்படும் மாட்டைப் பார்க்க நான் எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமா? வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எங்கிருந்து எங்கே, எத்தனை மாடு, ஒரு நாளைக்கு எத்தனை மைல் என்று தெளிவாகச் சொல்லும் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். எடை வரம்பையும் கேளுங்கள். 100 கிலோவை ஒட்டிப் பல இடங்களில் வரம்பு உண்டு.

விசாவுக்குச் சுற்றுலா விசாவே போதும். ஆனால் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கேட்டால் 'மாடு ஓட்டும் வேலைக்குப் போகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். அது வேலை இல்லை, நீங்கள் பணம் கட்டிப் போகும் விருந்தினர். உள்ளதை உள்ளபடி அப்படியே சொல்லுங்கள். பயணக் காப்பீட்டில் குதிரை சவாரி விபத்து அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் முன்பே மனதில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசி வளர்ந்த எனக்கு அது எளிதாக இல்லை. ஆனால் ஒரு கன்று நொண்டினால் மொத்த மந்தையையும் நிறுத்துகிற மனிதர்களை அங்கே பார்த்தேன். சைவம் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். எல்லாரும் முதலில் குதிரையேற்றம் கற்க ஓடுகிறார்கள். குதிரை அங்கே தருவார்கள். பழகிய, நிதானமான குதிரையாகவே தருவார்கள். மாட்டைப் பார்க்கும் கண்ணை யாரும் தர மாட்டார்கள். அது தர்மபுரியிலேயே கிடைக்கிறது.

தெரிந்தவர் யாரிடமாவது ஆலம்பாடி மாடோ நாட்டு மாடோ பத்துப் பதினைந்து இருந்தால், ஒரு மாதம் காலையில் அவரோடு நடந்து போங்கள். தரிசு நிலத்திலும் அறுத்த வயலிலும் மேய்கிற மந்தையே போதும். நம் பக்கத்துக் காட்டில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் அதற்குள் கால் வைக்காதீர்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் சின்னப்பா. "பாப்பா, கத்தாதே. அதன் தோளைப் பார்" என்றார். ஒரு கிடாரியின் பக்கவாட்டில் பத்தடி தள்ளி என்னை நிறுத்தினார். அது காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. ஓரடி வைத்தேன், தலையைத் தூக்கியது. இன்னும் ஓரடி, நகர்ந்துவிட்டது. "அந்த ஓரடிதான் உன் கடிவாளம். அது நகர்ந்ததும் நீ நின்றுவிடு" என்றார். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னால் போகும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நிற்கும், அல்லது திரும்பும். நேர் பின்னால் நின்றால் நம்மைப் பார்க்க முடியாமல் உடம்பை வளைத்துத் திரும்பிப் பார்க்கும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இதையே படம் போட்டு விளக்கியிருக்கிறார். மகன் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்குச் சின்னப்பாவின் தரிசுதான் கண்ணில் வந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் மாட்டின் எண்ணத்தைக் கொம்பு சாய்வதில் பார்த்துவிடலாம். அங்கே இறைச்சிக்காக வளர்க்கும் ஆங்கஸ் இன மாட்டுக்குப் பிறவியிலேயே கொம்பு கிடையாது. காதையும் தலையின் உயரத்தையும் பார்த்துப் பழகுங்கள்.

அதன் பிறகு குதிரை. சனிக்கிழமைதோறும் தர்மபுரியிலிருந்து பஸ் பிடித்துப் பெங்களூர் போய் இருபது வகுப்புகள் கற்றேன். வழியில் ஓசூர் வரும்போதெல்லாம் மத்திகிரி பண்ணை ஞாபகம் வரும். கிழக்கிந்திய கம்பெனி 1824-இல் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம் அது. இன்று அரசின் கால்நடைப் பண்ணை. நம் பக்கத்துக்குக் குதிரையும் புதிதில்லை, மாடும் புதிதில்லை.

இங்கே இரண்டு கையாலும் லகானைப் பிடிக்கச் சொல்லித்தருவார்கள். அங்கே ஒரே கை. லகானைக் குதிரையின் கழுத்தில் சாய்த்தால் அது திரும்பும். சேணத்தின் முன்னால் ஒரு கொம்பு இருக்கும். அது கயிறு சுற்றுவதற்கு; பயந்தால் தொற்றிக்கொள்வதற்கும் உதவும். நடையிலும் மெல்லோட்டத்திலும் விழாமல் உட்காரத் தெரிந்தால் போதும். தினமும் ஆறேழு மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால் தொடைக்கும் இடுப்புக்கும் மூன்று மாதமாவது பயிற்சி கொடுங்கள்.

உடைக்கு ஜீன்ஸ். உள்தையல் தொடையை உரசும், அடியில் இறுக்கமான கால்சட்டை போடுங்கள். குதிகால் உயர்ந்த பூட்ஸ் கட்டாயம்: சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் வழுக்கிப் போய் மாட்டிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். மூக்கை மூடத் துணி, மழைக்கோட்டு, ஜூனிலும் விடியலில் உறையும் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்.

வெயில் ஏறினால் மாடு நடக்காது, விடியலில் கிளம்புவார்கள். முன்னால் வழிகாட்டுபவர்கள் அனுபவசாலிகள். புதியவர்களை மந்தையின் வாலில் போடுவார்கள், அந்த இடத்துக்கு 'டிராக்' என்று பெயர். புழுதி முழுவதும் உங்களுக்குத்தான். வருத்தப்படாதீர்கள், கற்க வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. களைத்த கன்றுகள் பின்தங்கி அங்கே வந்து சேரும். தாயைக் காணாத கன்று, கடைசியாகப் பால் குடித்த இடத்துக்கே திரும்பி ஓடப் பார்க்கும். இரண்டாம் நாள் ஒரு கன்று அப்படி என் குதிரைக்கு இடது பக்கமாகப் பாய்ந்தது. துரத்தினால் இன்னும் வேகமாக ஓடும் என்று தெரியும். அகலமாகச் சுற்றிப் போய் அதன் தோளுக்கு முன்னால் குதிரையை நிறுத்தினேன். நின்றது, மூச்சிரைத்தது, திரும்பி மந்தையோடு சேர்ந்துகொண்டது. பண்ணைக்காரர் தூரத்திலிருந்து தொப்பியைத் தொட்டுக் காட்டினார்.

புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பசுவும் தன் கன்றை முகர்ந்து கண்டுபிடித்துப் பால் கொடுக்கும் வரை மந்தையைச் சுற்றிக் குதிரையில் காவல் நிற்க வேண்டும். முன்னதாக விட்டுவிட்டால், ஜோடி சேராத கன்றும் பசுவும் இரவோடு இரவாக வந்த வழியே இறங்கிவிடும். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு பக்கமும் ஒரே கதறல். அந்தி நேரத்துப் பட்டியில் கேட்கும் அதே சத்தம். ஜோடி சேரச் சேர அது ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் ஒரு பசு மட்டும் கத்திக்கொண்டே நின்றது. அதன் கன்று எங்கள் குதிரைகளுக்குப் பின்னால் புல்லில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மகன் மெல்லக் குதிரையை நகர்த்தி அதை எழுப்பினான்.