வைரஸ் காய்ச்சலுக்குப் பின் முதியவரின் நினைவாற்றலைக் கவனிக்கும் முறை

காய்ச்சல் விட்டு, இருமல் அடங்கி, பசியும் திரும்பிய பிறகும், முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்வதும், பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் தடுமாறுவதும், வழக்கமாகத் தாமே பார்த்துவந்த வரவுசெலவுக் கணக்கைத் தள்ளிப்போடுவதும் உண்டு. வயது என்று விட்டுவிடுவதும் மறதிநோய் என்று கலங்குவதும் இரண்டுமே அவசர முடிவுகள். மாற்றம் எத்திசையில் போகிறது என்பதைச் சில வாரங்கள் பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

அதற்கு முன், காத்திருக்கக் கூடாத நிலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சலுடன் வலிப்பு, விபரீதமான நடத்தை, வாய் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஹெர்பஸ் வைரஸால் வரும் மூளையழற்சிக்கு அசைக்ளோவிர் மருந்து உண்டு; அதைத் தொடங்கத் தாமதமாகும் அளவுக்குப் பாதிப்பு நிலைத்துவிடும்.

ஓரிரு நாளில் தோன்றி, காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக மாறிக்கொண்டே இருப்பது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பு எளிதாகச் சொல்லக்கூடியவராக இருந்தவர் இரண்டு கிழமைகளைச் சொல்லிவிட்டு, எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதையே மறந்து ஜன்னலைப் பார்த்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. டெலிரியத்தில் கூச்சலிடுபவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு படுத்திருப்பவரை "நன்றாக ஓய்வெடுக்கிறார்" என்று விட்டுவிடுவதே வழக்கம்.

இத்தகைய அவசரம் எதுவும் இல்லையெனில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். "மறதி அதிகம்" என்று எழுதினால் மருத்துவருக்குப் பயனில்லை. மாத்திரைப் பெட்டியைத் தாமே நிரப்பினாரா, தொலைபேசியில் பேசியதை மாலையில் நினைவுகூர்ந்தாரா, பழகிய வழியில் தடுமாறினாரா என்று அன்றாடச் செயல்களாக, வாரம் ஒருமுறை, தேதியிட்டு எழுத வேண்டும். நோய்க்கு முன் அவற்றை எப்படிச் செய்தார் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஆதாரம் இருக்காது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வரையறைப்படி, கோவிட் தொடங்கி வழக்கமாக 3 மாதங்கள் ஆன நிலையில் காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாதிருக்கும் அறிகுறிகளே கோவிடுக்குப் பிந்தைய நிலை எனப்படும். இவற்றில் கடைசி நிபந்தனையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் அதில்தான் ஒளிந்திருக்கின்றன. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, இரத்தத்தில் சோடியம் குறைதல், மனச்சோர்வு, காது மந்தம் ஆகிய அனைத்தும் மறதியைப் போலவே தோன்றும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் குளோர்பெனிரமின், தூக்கத்திற்காகத் தரப்படும் டைஃபென்ஹைட்ரமின் போன்றவை முதியவர்களின் சிந்தனையை மழுங்கச் செய்யக்கூடியவை. கடையில் தாமாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 30 மதிப்பெண்ணுக்கான மோகா போன்ற நினைவுத்திறன் சோதனையை மருத்துவர் செய்யக்கூடும்; ஒரு முறை எடுத்த மதிப்பெண்ணைவிட, சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுப்பதுடன் ஒப்பிடுவதே அதிகம் சொல்லும்.

உடற்பயிற்சி மூளைக்கு நல்லது என்பதற்காக, உழைத்த மறுநாள் படுத்துவிடும் நிலையில் உள்ளவரை நடக்க வற்புறுத்தக் கூடாது. களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்தி, மறுநாள் தளர்ச்சி இல்லையென்றால் மட்டும் சிறிது கூட்டுங்கள். கணக்கு, கடிதம் போன்ற மூளை வேலைக்கும் இதே விதிதான். இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும், காது கேட்கும் கருவியைத் தவறாமல் அணிவதும் வழக்கமான அறிவுரைகள்தாம். நோய்க்குப் பிந்தைய மாதங்களில் நழுவிவிடுபவையும் அவையே.

அடுத்த தொற்றைத் தடுப்பதும் இந்தக் கவனிப்பின் ஒரு பகுதி. வேல்ஸில் 2013-ல் தொடங்கிய அக்கித் தடுப்பூசித் திட்டத்தில் பிறந்த தேதியை வைத்தே தகுதி பிரிக்கப்பட்டதால், ஏறத்தாழ ஒரே வயதினரை ஒப்பிட முடிந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அடுத்த 7 ஆண்டுகளில் மறதிநோய் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்ததாக 2025-ல் வெளியான ஆய்வு கூறியது. அக்கி, ஃப்ளூ, கோவிட் தடுப்பூசிகளில் எவை, எப்போது பொருந்தும் என்பதை அடுத்த சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டு, அதே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.