மழையிலும் சிக்காத இழுப்பறை அலமாரி

அம்மாவின் புடவைகளுக்காக நான்கு இழுப்பறை வைத்த தேக்கு அலமாரி ஒன்றை வீட்டு கார் ஷெட்டிலேயே செய்தேன். நான் செய்ததில் இது இரண்டாவது. முதல் அலமாரியின் இழுப்பறைகள் ஐப்பசி மழையில் இறுகிப்போய் இழுக்கவே வரவில்லை. சித்திரை வெயிலில் பக்கப் பலகை மேலிருந்து கீழாக வெடித்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பலகை அகலவாக்கில் ஊதும், சுருங்கும், நீளவாக்கில் அப்படியே இருக்கும். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய வீடு இடித்த தேக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பல வருஷம் காய்ந்த மரம், புது மரம்போல் முறுக்காது. ஆனால் இழைப்பதற்கு முன் பலகை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளியின் தகடு பல்லுப்பல்லாகிவிடும்.

என் அளவு: அகலம் 30 அங்குலம், ஆழம் 18, உயரம் 40. இழுப்பறையை இதைவிட அகலமாக்காதீர்கள். ஆழம் குறைந்து அகலம் கூடினால் ஒரு பக்கம் முந்தி, கோணலாகிச் சிக்கும். மடித்த புடவை ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு உள் அளவை முடிவு செய்யுங்கள்.

பக்கப் பலகைகளில் இழுப்பறைக்கு ஒன்றாகக் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, இழுப்பறை ஓடுவதற்கான ஓடுகட்டை வைக்க வேண்டும். முதல் அலமாரியில் நான் தவறியது இங்கேதான். ஓடுகட்டை முழுக்க பசை தடவி ஒட்டினேன். பக்கப் பலகையின் ரேகை மேலும் கீழுமாக ஓடுகிறது, கட்டையின் ரேகை முன்னும் பின்னுமாக. பலகை சுருங்கப் பார்க்கிறது, கட்டை விடவில்லை. வெடிக்காமல் என்ன செய்யும்? அதனால் முன்பக்கம் 2 அங்குலம் மட்டும் பசை போடுங்கள். பின்பக்கம் ஸ்குரூ போதும். கட்டையில் அந்த ஸ்குரூவுக்கான துளையை முன்னும் பின்னுமாக நீட்டி வெட்டினால் பலகை தன் இஷ்டப்படி நகரும்.

அலமாரியின் வெளிக்கூட்டை மாட்டி கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தால்கூட பசை காய்வதற்குள் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் அழுத்திச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் ஒரு நாள் தொடவேண்டாம்.

அதற்குப் பிறகுதான் இழுப்பறைக்கு மரம் அறுக்க வேண்டும். வரைபட அளவை மறந்துவிட்டு, இழுப்பறை நுழையும் ஒவ்வொரு வாயையும் தனித்தனியே அளந்து எண் போடுங்கள். என்னுடைய நான்கில் எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. பக்கவாட்டில் விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். உயரத்தில்தான் கவனம் வேண்டும். 8 அங்குல உயரப் பலகை மழைக்காலத்தில் அரை நூல்வரை ஊதும். கோடையில் செய்தால் மேலே முழு ஒரு நூல் விடுங்கள். மழையில் செய்தால் அரை நூல் போதும்.

இழுப்பறையின் மூலைகளுக்கு டவ்டெயில்தான், அதாவது புறா வால் வடிவில் வெட்டிக் கோக்கும் மூட்டு. கைப்பிடியைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டுதான் இழுவையைத் தாங்குகிறது, ஆணி நாளடைவில் கழன்றுவிடும். முதலில் பக்கப் பலகையில் வால்களை வெட்டி, அதையே முகப்புப் பலகையின்மேல் வைத்து கத்தி முனையால் கோடு கீறுங்கள். பென்சில் கோடு தடிமன். எந்த ஓரத்தில் அறுப்பது என்று தெரியாது. ரம்பம் கழிவுப் பக்கம் மட்டும் போகட்டும், மிச்சத்தை உளி பார்த்துக்கொள்ளும். அடிப்பலகையாக 6 மி.மீ. பிளைவுட்டைக் காடியில் சொருகினால் சரி.

இப்போது இழுப்பறையை உள்ளே விட்டுப் பாருங்கள். சிக்கினால் வெளியே எடுத்து ஓரங்களை வெளிச்சத்தில் திருப்புங்கள். உரசின இடம் பளபளவென்று தெரியும். அங்கே மட்டும் ஒரு சீவல் இழைத்து மறுபடி விடுங்கள். என் மூன்றாவது அறைக்கு இப்படி ஏழு தடவை ஆனது. கடைசியில் ஒரு விரலால் தள்ளியதும் உள்ளேயிருந்த காற்று 'புஸ்' என்று வெளியேறி அறை மெல்ல மூடியது. அம்மாவைக் கூப்பிட்டு அதை மூன்று தடவை மூடிக் காட்டினேன்.

ஓடுகட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷை மழை நாளில் போடாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அலமாரியின் பின்பக்கத்தை எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு கட்டாயம் முடுக்குங்கள். திறந்த அறைகளைப் படிக்கட்டாக்கி ஏறினால் மொத்தமும் முன்னால் சாயும்.