கடல் பனிக்கட்டி கப்பலை எவ்வளவு விசையோடு அழுத்தும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஒரு மீட்டர் தடிமனுள்ள பனியை ஒரு கப்பல் உடைத்துக்கொண்டு போய்விடும். அதே பனி இன்னொரு கப்பலின் விலாவை நொறுக்கிவிடும். பனி வளைந்து உடைகிறதா, நசுங்கி உடைகிறதா என்பதுதான் வித்தியாசம். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள கப்பலை எடுத்துக்கொள்வோம். கால்குலேட்டர் போதும்.

படி 1: தடிமனைப் படியுங்கள்

பனி வரைபடத்தில் முட்டை வடிவக் குறி இருக்கும். மேல்வரி, கடற்பரப்பில் பத்தில் எத்தனை பங்கு பனி என்று சொல்லும். மூன்றாம் வரி பனியின் வளர்ச்சி நிலை. அங்கே வெறும் 4 என்றால் 10 முதல் 15 செ.மீ. தடிமனுள்ள சாம்பல் பனி. 4-ஐ ஒட்டி ஒரு புள்ளி இருந்தால் 120 செ.மீ.க்கு மேற்பட்ட ஓராண்டுப் பனி. புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடுவது இந்தப் புள்ளியைத்தான்.

படி 2: வலிமையைத் தேர்ந்தெடுங்கள்

வளைக்கும்போது கடல்பனி சுமார் 0.5 மெகாபாஸ்கலில் முறிந்துவிடும் (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஒரு மெகாநியூட்டன் அழுத்தம்). நசுக்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும். 2 மெகாபாஸ்கல் என்று வைப்போம். குளிர் கூடினால் பனிக்குள் இருக்கும் உப்புநீர்ப் பைகள் சுருங்கும், பனி இறுகும். பல்லாண்டுப் பனியில் உப்பு பெரும்பாலும் வடிந்திருக்கும். அதனால் அது கோடையிலும் இறுகியே இருக்கும், இளகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

படி 3: முன்முனையில் விசை

சாய்வான அணியம் (கப்பலின் முன்முனை) பனியின் மேல் ஏறிக் கீழே அழுத்தும். தொடும் இடத்தில் தேவைப்படும் விசைக்குத் தோராயக் கணக்கு: வளைவு வலிமை × தடிமன் × தடிமன். 0.5 × 1 × 1 = 0.5 மெகாநியூட்டன், ஏறக்குறைய 50 டன் எடை. தடிமன் இருமுறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். முதல் படியில் புள்ளியை விட்டால் இங்கே பிழை நூறு மடங்காகும்.

அணியம் செங்குத்தாக இருந்தால் முழு அகலத்திலும் பனியை நசுக்க வேண்டும்: 2 × 20 × 1 = 40 மெகாநியூட்டன், 4,000 டன். 60 மெகாவாட் திறனுள்ள ரஷ்ய அணுசக்திப் பனியுடைப்புக் கப்பலின் உந்துவிசைகூடச் சில நூறு டன்தான். கப்பல் அப்படியே நின்றுவிடும்.

உடைத்ததோடு வேலை முடிவதில்லை. உடைந்த துண்டுகளை நீருக்கடியில் தள்ள வேண்டும், அவை உடலை உரசியபடி போகும். மேலே பனித்தூள் படிந்திருந்தால் உராய்வு சட்டென்று கூடும்.

படி 4: சிக்கிக்கொண்டால்

அபாயம் இங்கேதான். இப்போது தள்ளுவது கப்பல் அல்ல, காற்று. பனிப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் காற்றின் இழுவை = காற்றின் அடர்த்தி 1.3 × இழுவைக் கெழு 0.002 × வேகத்தின் வர்க்கம். வினாடிக்கு 20 மீட்டர் காற்றுக்கு இது சுமார் 1 நியூட்டன். அற்பம்தான். ஆனால் 50 கிலோமீட்டர் பனி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தால், மீட்டருக்கு 50,000 நியூட்டன். 100 மீட்டர் விலாவுக்கு 5 மெகாநியூட்டன், 500 டன். (ஒரு பகுதி பனிமேடுகளிலும் கரையிலும் செலவாகும், இது மேல்வரம்பு.)

இந்த 500 டன்னும் சமமாகப் பரவாது. 2.5 சதுர மீட்டரில் மட்டும் தொட்டால் அங்கே சதுர மீட்டருக்கு 200 டன். தகடு வளைவது அந்த இடத்தில்தான், சராசரி அங்கே எதற்கும் உதவாது. துருவக் கப்பல்களில் தகட்டைத் தாங்கும் சட்டங்களை நெருக்கி வைப்பது இதனால்தான்.

செங்குத்து விலாவில் பனி வளைய வழியில்லை, நசுக்கத்தான் செய்யும். 1915-இல் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் எண்டூரன்ஸ் என்ற கப்பல் நொறுங்கியது இத்தகைய அழுத்தத்தில். 1892-இல் நீரில் இறங்கிய ஃபிராம் என்ற துருவக் கப்பல் உருண்ட உடலோடு கட்டப்பட்டது. அழுத்தம் கூடினால் பனி அதை மேலே தூக்கிவிடும்.

படி 5: பின்னோக்கி வரும்போது

சுக்கானை நடுவில் வைத்துவிட்டு மெதுவாக வாருங்கள். திருப்பிய சுக்கானில் பனி மோதினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். நின்றுவிட்டாலும் புரொப்பெல்லரை நிறுத்த வேண்டாம். மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கட்டும். நின்ற இலையில் பனி மோதினால் அது வளையும், சுற்றிலும் பனி இறுகினால் மறுபடி கிளப்புவது கடினம்.