மறுபடி நீட் எழுதும் வருடத்தில் பணமுடையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு, "இந்த ஒரு வருஷம் மட்டும்" என்று நீட்டுக்காக உட்காரும் பிள்ளைகள் டெல்டாவில் நிறைய பேர். ஜூனில் முடிவு வந்ததும் திருச்சியிலோ நாமக்கல்லிலோ விடுதியோடு கோச்சிங், அடுத்த மே மாதம் வரை அங்கேயே என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் திட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினாலோ, வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ இந்தத் திட்டம் ஆட்டம் காணும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த ஊர்களில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திட்டத்தை மாற்றுவது தப்பே இல்லை. அந்த நேரத்தில் அவசரத்திலும் கூச்சத்திலும் செய்கிற சில காரியங்கள்தான் பிள்ளையின் வருடத்தையும் குடும்பத்தின் பணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன.

முதல் தவறு, கோச்சிங் சென்டர் சொல்லும் தவணைத் தேதியை மட்டும் பார்த்துச் சேர்வது. விவசாய வீட்டில் பணம் வருவதற்கென்று ஒரு காலம் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை வேலை தொடங்கும். உழவு, விதை, நடவுக் கூலி என்று அப்போது பணம் வெளியேதான் போகும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, கணக்கில் பணம் ஏறுவது தை, மாசி வாக்கில். கோச்சிங்கோ ஜூன், ஜூலையிலேயே பெரிய தொகையைக் கேட்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நகைதான் நிரப்புகிறது. ஒரு வருடக் கெடுவில் அப்போது வைத்த நகை அடுத்த ஜூன், ஜூலையில் திருப்பக் காத்திருக்கும். நீட் முடிவும் கலந்தாய்வும் வருவது அதை ஒட்டித்தான். சீட் கிடைத்த வாரத்திலேயே கல்லூரிக்கும் பணம் வேண்டும், நகைக்கும் பணம் வேண்டும்.

சேருவதற்கு முன்பே ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எந்த மாதம் வரவு, எந்த மாதம் செலவு என்று குறித்துப் பாருங்கள். எந்த மாதம் இடிக்கும் என்பது தெரிந்துவிடும். கல்விக்கடனை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம். வங்கியின் கல்விக்கடன் பொதுவாக, அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் இடம் கிடைத்த பிறகு தருவது. கோச்சிங் அதில் சேராது.

அடுத்தது, பிள்ளையிடம் மறைப்பது. எனக்கு மிகவும் மனம் வலிப்பது இதில்தான். "அப்பா பாத்துக்கிறேன், நீ படி பாப்பா" என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் மூன்றாவது தவணை கட்டாத செய்தி, பொங்கல் கழிந்த பிறகு விடுதி அலுவலகத்தின் வழியாக, மற்ற பிள்ளைகள் முன்னால் அவளுக்குப் போய்ச் சேர்கிறது. தேர்வுக்கு இன்னும் மூன்று, நான்கு மாதம் இருக்கும்போது அந்தப் பெண் உடைந்து போகிறாள். தன்னால்தான் அம்மாவின் சங்கிலி போனது என்று நினைக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் மனம் ஓடாது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு புரியும். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதே உட்கார வைத்து, "இவ்வளவு கட்டியாச்சு, இவ்வளவு பாக்கி, அறுப்பு இப்படி இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். முடிவையும் அவளோடு சேர்ந்தே எடுக்க வேண்டும். நவம்பரில் மாற்றிய திட்டத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். பிப்ரவரியில் மாற்றினால் திண்டாட்டம்தான்.

சரி, மாற்றுவது என்று முடிவானால் எதை வெட்டுவது? பல வீடுகளில் தேர்வையே வெட்டிவிடுகிறார்கள். "போதும், வேலைக்குப் போ" என்று பையனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியது விடுதிச் செலவை மட்டும்தான். விடுதியில் நாம் காசு கொடுத்து வாங்குவது நேர ஒழுங்கு, வாராவாரம் தேர்வு, சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியர், இந்த மூன்றும்தான். நீட்டில் மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் 90 கேள்வி உயிரியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பதால் நேரம் வைத்துத் தேர்வு எழுதிப் பழகாமல் முடியாது. தேர்வுத் தொடரை மட்டும் தனியாகப் பணம் கட்டி வாங்கலாம். ஐஐடி கான்பூரும் மத்தியக் கல்வி அமைச்சகமும் நடத்தும் சாத்தீ இணையதளத்தில் பாடமும் பயிற்சியும் இலவசம். சந்தேகம் கேட்கப் பழைய பள்ளி ஆசிரியரிடம் போகலாம். தேடி வரும் மாணவரை அவர்கள் விரட்டுவதில்லை.

நேர ஒழுங்குதான் வீட்டில் கஷ்டம். தை மாதம் என்றால் அறுப்பு, கல்யாணம், உறவினர் வருகை எல்லாம் ஒன்றாக வரும். அதிலும் பெண்பிள்ளை வீடு திரும்பினால் அடுப்படி வேலையும் தானாக அவள் தலையில் விழும். இதைப் பெற்றோர் பேசித் தடுக்காவிட்டால் வீட்டில் படிப்பது பெயருக்குத்தான். காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்து நூலகத்துக்கு அனுப்புவது எவ்வளவோ மேல். பகுதி நேர வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றால் மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு வந்து இரவில் இயற்பியல் படிக்கச் சொல்வது கொடுமை.

விடுதியை விட்டு வரும்போது வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவது இன்னொரு தவறு. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முழுக் கட்டணமும் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்ப வேண்டும். விடுதிக்கும் உணவுக்கும் கட்டியதும் அதில் சேரும். எல்லா சென்டரும் தானாகக் கொடுத்துவிடாது. விலகும் தேதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் அதே நாளில் கையோடு வாங்கிவிடுங்கள்.

"டிகிரி சேர்ந்துட்டா நீட் எழுத முடியாது" என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். எழுதலாம். அதிக வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. பணமுடை இருக்கும் வீட்டில், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுவது நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரம்புகின்றன. நர்சிங்கும் அப்படித்தான். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இவற்றுக்கான விண்ணப்பத் தேதி போய்விடக்கூடும்.

எதை நிறுத்தினாலும் நீட் விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள். 2025-ல் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டிக்கு 1,000. கலந்தாய்வில் மட்டும் நிதானம் வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பதிவு செய்யவே இரண்டு லட்ச ரூபாய் முன்வைப்பு கேட்பார்கள். அங்கே வருடக் கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்திருந்தும், ஆசைக்குக் கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

இதற்கு நேர்மாறான பயமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. முதல் வருடமே, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்குப் பயந்து சிலர் விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஒரு வருடம் காத்திருந்து எழுதுகிறவருக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் கோடை விடுமுறைக்கு முன்பே போய் வாங்கிவிடுங்கள்.